நம் பக்கத்து ஈரக்காற்றில் ஜிஞ்சர்பிரெட் அலங்காரம் நிற்குமா?

களியக்காவிளைக்குப் பக்கத்தில் வீடு, கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், நம் குமரி மாவட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த கிறிஸ்துமஸுக்கு சமையலறையை ஜிஞ்சர்பிரெட் பாணியில் அலங்கரிக்க ஆசை, எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும், கடையில் வாங்கித் தொங்கவிட மனமில்லை. போன வருடம் ஒரு வீடியோவைப் பார்த்து பிஸ்கட் பொம்மைகள் சுட்டு நூலில் கோர்த்து ஜன்னலில் கட்டினீர்கள். மூன்றாம் நாளே தொய்ந்து அறுந்து விழுந்தன, விழுந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. மைதாவும் உப்பும் பிசைந்த உப்பு மாவில் செய்த பொம்மைகளும் பிசுபிசுத்துப் போயின. அதனால் எந்த ரெசிபி சரியானது என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்தால், ரெசிபி அதில் பாதிதான். நட்சத்திரம் கட்டுகிற டிசம்பர் முதல் வாரத்திலிருந்து மூன்று ராஜாக்கள் திருவிழா வரைக்கும், தினமும் சோறு வடிக்கிற, பலகாரம் பொரிக்கிற ஒரு சமையலறையில் இந்த அலங்காரம் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் பேக்கரி படிப்பு படித்து, பல வருடம் ஓவன் பக்கம் நின்று வேலை பார்த்தவள். இப்போது மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் மகளிர் குழுக்களுக்கு கேக், பிஸ்கட் சொல்லிக்கொடுக்கிறேன். டிசம்பர் வந்தால் வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: தொங்கவிடப் போவதையும் தின்னப் போவதையும் முதலிலேயே பிரித்துவிடுங்கள். தொங்குவது அட்டை, துணி, பசைமாவு என்று தின்ன முடியாத பொருளில் இருக்கட்டும். தின்பது, பிஸ்கட் பொம்மையோ பிஸ்கட் சுவர் வைத்துக் கட்டுகிற சின்ன வீடோ, கண்ணாடிக்குள் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பிஸ்கட்டில் முடித்துக்கொள்வது குளிர்நாட்டுக்காரர்களுக்கு நடக்கும், நமக்கு நடக்காது. காரணம் பிடிபட்டால் மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளலாம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜிஞ்சர்பிரெட் என்பது சுக்கு, பட்டை, கிராம்பு போட்டு, தேனோ வெல்லப்பாகு மாதிரியான கரும்புப் பாகோ சேர்த்துச் சுடுகிற பிஸ்கட். ஜெர்மனியில் நூரம்பர்க், போலந்தில் தோருன் போன்ற ஊர்கள் பல நூறு வருடங்களாக இதற்குப் பேர் போனவை. நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் 1991 முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் ஜிஞ்சர்பிரெட்டிலேயே ஒரு சின்ன நகரம் கட்டிக் காட்சிக்கு வைக்கிறார்கள். வீடு, கப்பல், ரயில் எல்லாமே பிஸ்கட். அந்த ஊரில் வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும். அப்படியும் அந்த நகரம் வாரக்கணக்கில் அப்படியே நிற்கிறது. அவ்வளவு மழை ஊரிலேயே நிற்கும்போது நம் வீட்டில் ஏன் மூன்று நாள்கூட நிற்கவில்லை? குளிர்ந்த காற்று கொஞ்சம் ஈரத்தைத்தான் சுமக்கும். வெளியே 0 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிற காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஹீட்டர் ஓடுகிற அந்த அறைகளில் வெளியே வைத்த பிஸ்கட் நாளாக நாளாக இன்னும் காயத்தான் செய்யும். நமக்கோ டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக விட்டிருக்காது. ஜன்னல் திறந்தே இருக்கும். காலையில் காற்றின் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம், மதியம்தான் சற்று இறங்கும். இது வீட்டின் பொதுக் கணக்கு. சமையலறையில் சோற்று ஆவி, இட்லி ஆவி, புட்டுக்குழல் ஆவி எல்லாம் இதற்கு மேல் சேரும்.

இனிப்புக்கும் உப்புக்கும் ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஒரு அளவைத் தாண்டினால் அவை காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அந்த அளவு ஒவ்வொன்றுக்கும் வேறு. சுத்தமான வெள்ளைச் சர்க்கரைக்கு அது சுமார் 84 சதவீதம். சாப்பாட்டு உப்புக்கு 75. தேனிலும் பழத்திலும் இருக்கிற பிரக்டோஸ் என்ற சர்க்கரைக்கு 60-ஐ ஒட்டியே வந்துவிடும். உங்கள் உப்பு மாவு பொம்மை ஏன் வியர்த்தது என்பதற்குக் காரணம் இந்த 75தான். உப்பளத்துக் கல்லுப்பில் மெக்னீசியம் உப்பும் கொஞ்சம் கலந்திருக்கும், அது இன்னும் சீக்கிரம் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் ஊறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், பொம்மைக்கு நடந்ததும் அதுதான். நீங்கள் சுட்டதில் குறை எதுவும் இல்லை. நன்றாகக் காயவைத்து வார்னிஷ் அடித்தால் தள்ளிப்போடலாம், ஆனால் வார்னிஷில் ஊசி நுனி அளவு இடம் விட்டிருந்தாலும் ஈரம் அங்கே நுழைந்து உள்ளே ஊதிவிடும். நம் மாவட்டத்துக் கடலோர வீடுகளுக்கு உப்பு மாவை நான் சொல்வதே இல்லை.

பிஸ்கட் தொய்ந்ததற்கும் இதே கணக்குதான். கருப்பட்டி, வெல்லம், தேன் மூன்றிலும் பிரக்டோஸ் கலந்த சர்க்கரை இருக்கிறது. வாசனைக்கும் நிறத்துக்கும் அதுதான் உயிர், விறைப்பாக நிற்பதற்கு அதுவேதான் எதிரி. நம் பக்கத்து கிறிஸ்துமஸ் பேக்கரி அறிவு முழுக்க பிளம் கேக்கைச் சுற்றி வளர்ந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1883-ல் கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் செய்த கேக்கிலிருந்து அந்தக் கதையைத் தொடங்குவார்கள். பிளம் கேக்குக்கு ஈரம் வேண்டும். சர்க்கரைப் பாகும் உலர்பழமும் ஈரத்தைப் பிடித்து வைத்தால்தான் அது நாள்பட நாள்பட ருசிக்கும். அதனால் ஈரத்தைக் காப்பது எப்படி என்று நம் ஊர் பேக்கரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஈரத்தை விரட்டி வைக்கிற வேலையைப் பார்க்க வேண்டுமானால் ரஸ்க் போடுகிறவரிடம்தான் போக வேண்டும். அவரிடம் பிறகு வருகிறேன்.

சரி, தொங்கவிடுவதற்கு என்ன செய்யலாம்? என் முதல் தேர்வு சாதாரண அட்டைப்பெட்டி. மளிகைக்கடையிலும் மருந்துக்கடையிலும் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அதன் காக்கி நிறம் சுட்ட ஜிஞ்சர்பிரெட்டின் நிறத்துக்கு எந்த பெயின்ட்டும் இல்லாமலே மிக அருகில் இருக்கும். பொம்மை, மணி, நட்சத்திரம், இதயம் என்று வெட்டி, ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்தால் மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது பிஸ்கட்தான். கோடு இழுக்கத் துணிக்கு வரைகிற வெள்ளை லைனர் ட்யூப் வாங்குங்கள். அது காய்ந்த பிறகும் மேடாக நிற்பதால் ஐசிங் போலவே இருக்கும். தட்டையாகக் காய்கிற பெயின்ட்டில் அந்தத் தோற்றம் வராது. அட்டையின் மேல்தாளை லேசாகத் தண்ணீர் தொட்டு உரித்தால் உள்ளே வரிவரியாக வரும், வீட்டுக் கூரைக்கு அதைவிட நல்ல ஓடு கிடையாது. ஒட்டுவதற்கு மைதாப் பசை வேண்டாம், கரப்பான் அதைத் தேடி வரும். ஃபெவிகால் போதும். பசைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பசை சூட்டில் இளகக்கூடியது. அடுப்புக்கு மேல் சுவரில் ஒட்டினால் சமைக்கிற நேரத்தில் ஒவ்வொன்றாகக் கீழே வரும்.

ஜன்னல் திரைக்கும் அலமாரிக் கைப்பிடிக்கும் துணிப் பொம்மைதான் சரி. தையல்கடையில் மிஞ்சிய காப்பிக்கொட்டை நிறத்துப் பருத்தித் துணி, வெள்ளை ஜிக்ஜாக் லேஸ், இரண்டு பட்டன், உள்ளே இலவம் பஞ்சு. படங்களில் பார்க்கிற ஃபெல்ட் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர், நெருப்புப் பக்கம் போனால் உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் சமையலறைக்கு நான் பருத்தியைத்தான் சொல்வேன். துவைத்து அடுத்த வருடமும் மாட்டலாம் என்பது இன்னொரு வசதி. எண்ணெய்ப்புகை படாத சமையலறை நம்மிடம் கிடையாது, அட்டையைத் துவைக்க முடியாது. பஞ்சோடு ஒரு துண்டு பட்டையும் நாலைந்து கிராம்பும் வைத்துத் தைத்தால் பக்கத்தில் போகும்போது வாசனை வரும்.

உப்பு மாவுக்கு மாற்றாகக் கையில் பிசைந்து செய்கிற பொருள்தான் வேண்டும் என்றால், கார்ன்ஃப்ளார் பசைமாவு நம் காற்றுக்கு நன்றாக ஒத்துவருகிறது. ஒரு கப் கார்ன்ஃப்ளார், ஒரு கப் வெள்ளை ஃபெவிகால், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. பழைய நான்ஸ்டிக் சட்டியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் தயிர் போல இருக்கும், பிறகு திரளும், ஓரம் விட்டு உருண்டு வரும்போது இறக்கிவிடலாம். கை பொறுக்கும் சூட்டில் மூன்று மேசைக்கரண்டி பட்டைத்தூள் சேர்த்துப் பிசையுங்கள். நிறம், வாசனை இரண்டும் அதிலேயே வந்துவிடும். கடையில் பட்டை என்று கிடைக்கிற தடித்த பட்டையே போதும், மெல்லிய சுருள் பட்டையை இதில் வீணாக்க வேண்டாம். தேய்த்து, அச்சால் வெட்டி, நூல் போக ஓட்டை போட்டு, நிழலில் திருப்பித் திருப்பிக் காயவையுங்கள். மூன்று நான்கு நாள் ஆகும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். காயும்போது சற்றுச் சுருங்கும் என்பதால் நினைத்ததைவிடப் பெரிதாகவே வெட்டுங்கள். இதில் உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இருந்தாலும் நேரடியாகத் தண்ணீர் பட்டால் ஊறும், அதனால் காய்ந்த பிறகு இரண்டு கை வார்னிஷ், இரண்டு பக்கமும். மாவு கிளறிய சட்டியை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்தப் பொம்மைகளைக் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். பட்டை வாசனையும் பிஸ்கட் நிறமும் சேர்ந்தால் அது வாயில் வைக்கத்தான் பார்க்கும்.

பட்டை, கிராம்பு வாசனைக்கு எறும்பு வராது என்று பலரும் எழுதுகிறார்கள். இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பட்டைத்தூளை எறும்பு போகும் வழியில் போட்டால் சற்று நேரம் சுற்றிப்போகிறது, அதை நானே பார்த்திருக்கிறேன். வாசனை மங்கிய பிறகு அதே வழியில் திரும்ப வந்துவிடுகிறது. மஞ்சள்தூள் கோடும் அப்படித்தான். அதனால் அதை நம்பி இனிப்பைத் திறந்து வைக்காதீர்கள். எறும்பு சாக்பீஸில் இருப்பது பூச்சிமருந்து, தின்கிற பொருள் இருக்கிற மேடையில் அதைக் கொண்டே வரக்கூடாது. நம் வீட்டுப் பெரியவர்கள் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைப்பார்களே, அந்த வழி மட்டும்தான் எனக்குத் தெரிந்து தவறாமல் வேலை செய்கிறது. தட்டுத் தண்ணீர் வற்றாமலும், தட்டின் விளிம்பு சுவரைத் தொடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே கட்டுவது என்பதில் கண்டிப்பாக இருங்கள். கேஸ் அடுப்புக்கு மேலேயும், இரு பக்கமும் கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கும் எதுவும் தொங்கக் கூடாது. அட்டையோ துணியோ தெர்மாகோலோ, எதற்கும் இதில் விலக்கு இல்லை. அடுப்பைப் பார்த்த ஜன்னலில் கட்டினால் காற்று மாலையைத் தூக்கி அடுப்புக்கு மேலே கொண்டுவரும், அதனால் அந்த ஜன்னலையும் விட்டுவிடுங்கள். விறகு அடுப்பும் இன்னும் எரிகிற வீடு என்றால், ரப்பர் விறகின் பொறி எவ்வளவு தூரம் தெறிக்கும் என்று உங்களுக்கே தெரியும், அந்த அறையை முழுதாகவே விட்டுவிடலாம். சீரியல் பல்பு போடுவதாக இருந்தால் சூடாகாத எல்இடி, வயர் சிங்க் பக்கம் போகாமல். கட்டுவதற்கு நல்ல இடம் வாசல்நிலைக்கு மேல், பாத்திர அலமாரியின் கண்ணாடிக் கதவு, ஃப்ரிட்ஜ் பக்கவாட்டு, சாப்பாட்டு மேசையைப் பார்த்த சுவர். அங்கே கட்டினால் சமைக்கிறவருக்கு இடைஞ்சலும் இல்லை, வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்கவும் செய்வார்கள்.

நாள் கணக்கும் முக்கியம். நம் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்தான் பலகாரம் நடக்கும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம் என்று இரண்டு மூன்று நாள் எண்ணெய்ச் சட்டி இறங்காது. அந்த எண்ணெய்ப்புகை படிந்த அட்டையில் தூசி ஒட்டி, வெள்ளைக் கோடு மஞ்சளாகிவிடும். அதனால் டிசம்பர் தொடக்கத்தில் துணிப் பொம்மைகளை மட்டும் மாட்டுங்கள். அட்டை மாலையைச் செய்து மூடி வைத்திருந்து, பலகாரம் முடிந்து மேடையைத் துடைத்த அன்று கட்டுங்கள். பிஸ்கட் வீட்டைக் கடைசியாக, 22 அல்லது 23-ம் தேதி எடுத்து வையுங்கள்.

இனி தின்பதற்கு வருகிறேன். வெளிநாட்டு ரெசிபியில் வரும் மொலாசஸ் என்ற கரும்புப் பாகைத் தேடி அலைய வேண்டாம். நம் கையில் கருப்பட்டி இருக்கிறது. சுக்குக் கருப்பட்டி தின்று வளர்ந்தவர்களுக்கு ஜிஞ்சர்பிரெட்டின் ருசி புதிதாகவே இருக்காது, இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். கிராம்பும் அப்படித்தான், புவிசார் குறியீடு பெற்ற கிராம்பு நம் மாவட்டத்து மலையிலேயே விளைகிறது. தின்ன மட்டும் செய்கிற பிஸ்கட்டுக்கு முழுக்கக் கருப்பட்டி போடுங்கள். வீடு கட்டுகிற சுவருக்குப் பாதி கருப்பட்டி, பாதி வெள்ளைச் சர்க்கரை. முன்பு சொன்ன 84, 60 கணக்கு ஞாபகம் இருந்தால் இது ஏன் என்று விளங்கும்.

சுவர் மாவுக்கு அளவு இது: கருப்பட்டி 125 கிராம், சர்க்கரை 125 கிராம், தண்ணீர் 80 மில்லி. கொதிக்கவைத்துக் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மணல் இருக்கும், ஒரு மணல் பல்லில் கடிபட்டால் அந்த பிஸ்கட்டைப் பிறகு யாரும் தொட மாட்டார்கள். வடிகட்டிய பாகில் வெண்ணெய் 100 கிராம் போட்டுக் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டு ஒரு முட்டை சேருங்கள். மைதா 500 கிராமோடு சுக்குத்தூள் 2 தேக்கரண்டி, பட்டைத்தூள் 2 தேக்கரண்டி, கிராம்புத்தூள் அரை தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. சோடா உப்பு போட வேண்டாம், போட்டால் சுவர் உப்பி ஓரம் வளைந்து ஒன்றோடு ஒன்று சேராது. சுக்கைக் கடையில் தூளாக வாங்காமல் வீட்டில் இடித்துச் சலித்தால் பாதி அளவிலேயே காரம் தெரியும். மாவைப் பிசைந்து மூடி ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வைத்து, மறுநாள் 6 மில்லிமீட்டர் கனத்தில் பட்டர் பேப்பர் மேலேயே தேய்த்து வெட்டி, பேப்பரோடு தூக்கித் தட்டில் வையுங்கள். வெட்டிய துண்டைக் கையால் தூக்கினால் நீண்டுவிடும். ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனில் 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். வெளியே எடுத்த சூட்டிலேயே, அட்டையில் வெட்டி வைத்த அச்சை மேலே வைத்து ஓரத்தை நேராக வெட்டிவிடுங்கள். ஆறினால் உடையும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊருக்கு இன்னொரு சுற்று உண்டு. ஓவனை 100 டிகிரிக்கு இறக்கி, துண்டுகளைத் திருப்பிப் போட்டு, இன்னும் 40 நிமிடம் காயவையுங்கள். பிறகு ஓவனை அணைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள். ரஸ்க் போடுகிறவர் செய்வது இதைத்தான்: முதல் சூட்டில் வேகவைப்பது, இரண்டாவது சூட்டில் ஈரத்தை எடுப்பது. வீட்டில் ஓவன் இல்லாவிட்டால், பக்கத்தில் போர்மா என்கிற விறகு அடுப்பு ஓவன் வைத்திருக்கிற பேக்கரி இருக்கிறதா என்று விசாரியுங்கள். கடைசி ஈடு ரொட்டி எடுத்த பிறகு போர்மா இரவெல்லாம் சூட்டோடு இருக்கும். அந்த மிச்சச் சூட்டில் இரவு முழுக்க வைத்து எடுத்த சுவர், எந்த ஓடிஜியில் காய்ந்ததைவிடவும் விறைப்பாக இருக்கும். தெரிந்த பேக்கரிக்காரர் என்றால் மறுக்க மாட்டார். குக்கரில் மணல் போட்டுச் சுடுகிற முறையில் சின்ன பிஸ்கட் வரும், சுவர் வராது. உள்ளே நீராவி வெளியேற வழி இல்லை.

ஒட்டுவதற்கு ராயல் ஐசிங். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்கு 200 கிராம் ஐசிங் சுகர், சில துளி எலுமிச்சைச் சாறு. கரண்டியைத் தூக்கினால் முனை நின்றபடி இருக்க வேண்டும், வளைந்தால் இன்னும் கொஞ்சம் சர்க்கரை. பச்சை முட்டை என்பதால், தின்னப் போகிற வீட்டுக்கு வெள்ளைக்கருத் தூளில் செய்யச் சொல்வேன், கேக் சாமான் கடைகளில் மெரிங் பவுடர் என்று கேட்டால் கிடைக்கும். வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் இதில் சமரசம் வேண்டாம். வெளிநாட்டு வீடியோக்களில் சர்க்கரையை உருக்கிச் சுவரை ஒட்டுகிறார்கள், கலர் மிட்டாயை உருக்கி ஜன்னல் கண்ணாடி செய்கிறார்கள். இரண்டையும் நம் பக்கம் செய்யாதீர்கள். உருகிக் கண்ணாடி போல இறுகிய சர்க்கரை, மணிமணியாக இருக்கிற சர்க்கரையைவிட வெகு வேகமாக ஈரத்தை இழுக்கும். மாலையில் பளபளக்கிற ஜன்னல் காலையில் வழிந்திருக்கும். ஜன்னலுக்கு மஞ்சள் கண்ணாடித் தாளை உள்பக்கம் ஒட்டினால் போதும், உள்ளே சின்ன எல்இடி வைத்தால் விளக்கேற்றிய வீடு மாதிரியே இருக்கும்.

முதல் வீட்டைச் சின்னதாகவே கட்டுங்கள். பக்கச் சுவர் இரண்டும் 12-க்கு 8 சென்டிமீட்டர். முன் சுவரும் பின் சுவரும் 10 சென்டிமீட்டர் அகலம், ஓரத்தில் 8 உயரம், நடுவில் முகடு 14 உயரம். கூரைத் துண்டு இரண்டும் 14-க்கு 10. மேலே சொன்ன மாவில் இந்த வீடு போக ஏறக்குறைய பாதி மிஞ்சும், அதில் பொம்மைகள் வெட்டிக்கொள்ளலாம். நான்கு சுவரையும் நிறுத்தி, டம்ளர்களை முட்டுக் கொடுத்து, அரை நாளாவது விட்டுவிட்டுப் பிறகு கூரை ஏற்றுங்கள். அவசரப்பட்டு அன்றைக்கே ஏற்றினால் கூரை வழுக்கி இறங்கும். கூரையின் உள்பக்கத்தில் உருக்கிய டார்க் காம்பவுண்ட் சாக்லேட்டை மெல்லிய பூச்சாகத் தடவினால், கொழுப்பு ஈரத்தை உள்ளே விடாது. பாரத்தைச் சுமந்துகொண்டு சாய்ந்து நிற்கிற துண்டு கூரைதான், முதலில் தொய்வதும் அதுதான்.

அலங்கரிக்கக் கலர் மிட்டாய் வைத்தால் சாயம் வெள்ளை ஐசிங்கில் இறங்கும். அதற்குப் பதில் உங்கள் அஞ்சறைப்பெட்டியையே திறந்து பாருங்கள். கதவுக் குமிழுக்கு மிளகு, பொம்மைக்குப் பட்டன் கிராம்பு, வாசல் மேலே அன்னாசிப்பூ, பாதைக்குப் பிளந்த முந்திரி, வேலிக்குப் பட்டைக்குச்சி, சிவப்பு வேண்டிய இடத்தில் ஜாதிபத்திரி. இவை எதுவும் கரையாது, வாசனையும் பொருத்தம். வீட்டின் வடிவத்தையும் நம் ஊராக மாற்றலாமே. பனி விழுந்த கூரைக்குப் பதில் முன்னால் திண்ணை வைத்த ஓட்டு வீடு, பக்கத்தில் இரண்டு பனைமரம், வள்ளம் ஒன்று. என் வகுப்பில் பெண்கள் இப்படிச் செய்தவைதான் எனக்கு மிகவும் பிடித்தவை. கூரையில் ஐசிங்கை வரிவரியாகப் போட்டு ஓடு வரைவதும் பனி அப்புவதைவிடச் சுலபம்.

பொம்மை பிஸ்கட்டுகளைப் பேக்கரி மேடையில் பார்ப்பீர்களே, மூடி போட்ட கண்ணாடிப் பரணி, அதில் நிற்கவைத்து அலமாரியில் வரிசையாக வையுங்கள். அதுவே பெரிய அலங்காரம். பரணி கழுத்தில் சிவப்பு ரிப்பன், அடியில் துணிப்பையில் கட்டிய, ஈரம் உறிஞ்சுகிற சிலிகா ஜெல் மணிகள். வாங்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கிற வகை ஈரம் ஏறினால் நிறம் மாறும், ஓவனில் 110 டிகிரியில் காயவைத்து மறுபடி போடலாம். அது பிஸ்கட்டில் கலக்காதபடி பை நன்றாகத் தைத்திருக்க வேண்டும். பிஸ்கட் வீட்டுக்குக் கண்ணாடி மீன்தொட்டியைக் கவிழ்த்து மூடலாம், கேக் வைக்கிற பிளாஸ்டிக் டோமும் ஆகும். பகலில் விருந்தாளி வரும்போது திறந்து வைத்து, இரவு மூடிவிடுங்கள். ராத்திரியும் விடியற்காலையும்தான் ஈரம் அதிகம். எத்தனை நாள் நிற்கும் என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. மலையோரம் குலசேகரம் பக்கத்து வீட்டுக்கும், கடல்காற்று அடிக்கிற குளச்சல் வீட்டுக்கும் ஒரே மாதிரி வராது. மூடியே வைத்தால் புத்தாண்டு தாண்டும் என்று துணிந்து சொல்வேன். திறந்து வைத்தால் மழை விழுகிற வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் நம்ப மாட்டேன்.

கடைசியாக, புத்தாண்டு அன்று பிள்ளைகளுக்கு வீட்டை உடைத்துக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கண்ணாடிக்குள் மூடியே இருந்து, வெள்ளைக்கருத் தூளில் ஐசிங் போட்டு, எறும்போ பல்லியோ கரப்பானோ அண்டவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் கொடுக்கலாம். கண்ணாடித் தாள், எல்இடி இரண்டையும் முதலில் எடுத்துவிடுங்கள். கிராம்பு, மிளகு, அன்னாசிப்பூவையும் பெயர்த்து எடுத்துவிடுங்கள், குழந்தைகள் கடித்துவிடும். சுவர் மிகக் கெட்டியாக இருக்கும், பால் பல் உள்ள பிள்ளைகளுக்குச் சூடான பாலில் தோய்த்துக் கொடுங்கள். ராத்திரியும் திறந்தே கிடந்த வீடு என்றால், பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் கொடுக்க வேண்டாம். பரணியில் இருக்கிற பொம்மைகளை எடுத்துக் கொடுங்கள்.